கட்டுமரமும் சங்காடமும்: சேதுக்கரைக் கலங்கள் பற்றிய ஒரு சொல்லாய்வும் வடிவாய்வும்

தமிழிலிருந்து பிறமொழிகட்குச் சென்ற சொற்களுள் 'கட்டுமரம்' என்பது பெரும்புகழ் வாய்ந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகள் பலவற்றுள் அது 'கட்டமரான்' என்னும் உருவில் வழங்குகின்றது. ஆயினும் அம்மொழிகளில் இன்று அச்சொல் குறிக்கும் பொருள் வேறு. ஒடுங்கிய இரண்டு உடல்கள் இடைவெளி விட்டு இணையாக மிதக்க, அவற்றின்மேல் ஒரே தளம் அமைந்த கலத்தையே அவர் அப்பெயரால் அழைக்கின்றனர். சொல் தமிழாதலின் பொருளும் தமிழர் கண்டதேயாகும் என்று கொண்டு, இரட்டையுடற் கலத்தை உலகிற்கு அளித்தவர் தமிழரே என்று எழுதுவோர் பலராயினர். இம்முடிபு சான்றொடு பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனோடு, கலவடிவங்களைக் கணிப்பொறிகொண்டு ஒப்பிட்டறியும் இக்காலத்து முறை இவ்வாராய்ச்சிக்கு எவ்வளவில் துணைபுரியும் என்பதும் ஆராயப்படும்.

முதற்கண் சொல்லின் செலவைக் காண்போம். 1583ஆம் ஆண்டளவில் சோழமண்டலக் கரையைக் கண்ட வெனிசு நகர வணிகர் காசுபரோ பால்பி என்பார் இக்கலத்தைத் தம் பயண நூலிற் குறித்துள்ளார். உருண்டை மரங்கள் ஏழனைச் சேர்த்துக் கட்டியது என்றும், அவற்றுள் ஐந்து அடிப்பகுதியாக அமைய, நடுமரம் ஏனையவற்றினும் நீண்டு நீரைக் கிழிக்கும் என்றும் அவர் விளக்குகின்றார். அவர் எழுதிய பெயர் 'கட்டமெரோனி' என்பதற்கு நெருங்கிய வடிவுடையது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல், ஒருவரே அமரத்தக்க சிறிய கட்டுமரத்தையும், அதன்மேல் செல்வோனின் கால்கள் எப்பொழுதும் நீரிலேயே இருப்பதையும் கூறுகின்றது. இவ்விருவரும் கண்டது மரங்கள் நெருங்கக் கட்டப்பட்ட கலமேயாகும். இரண்டு உடல்களையோ, அவற்றிடையே வெளியையோ இருவரும் குறித்தாரல்லர்.

பின்னர்ச் சொல் பொருளை விட்டுப் பிரிந்தது. 1804இல் ஆங்கிலேயர் புலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள்மீது வெடிமருந்து நிரம்பிய மிதவைகளை ஏவினர். அப்படைக்கலத்தையும் அவர் 'கட்டமரான்' என்றே அழைத்தனர். நீர்மட்டத்தில் தாழ மிதப்பது என்னும் ஒப்புமையே இதற்குக் காரணமாதல் வேண்டும். 1876இல் அமெரிக்கக் கலவல்லுநர் நதானியல் எரசாபு, 'அமரில்லிசு' என்னும் இரட்டையுடற் பாய்க்கலத்தைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டினார். அதற்கும் இப்பெயரே வழங்கிற்று. அன்றுதொட்டு அச்சொல் இரட்டையுடற் கலத்திற்கே உரியதாய் நிலைபெற்றது. எனினும் அத்தகைய கலத்தை ஐரோப்பாவில் முயன்றவருள் எரசாபு முதல்வரல்லர். அவருக்கு இருநூறு ஆண்டு முன்னரே, 1660களில், வில்லியம் பெட்டி என்பார் அயர்லாந்தில் இரட்டையுடற் கலங்களைக் கட்டிக் கடலில் விட்டார். எனவே இரட்டையுடல் என்னும் கருத்து ஒரு வழியாகவும், 'கட்டுமரம்' என்னும் சொல் வேறொரு வழியாகவும் ஐரோப்பாவிற் சென்று 19ஆம் நூற்றாண்டிலேதான் ஒன்றுகூடின என்பது போதரும். பெயரைக் கொண்டு பொருளின் பிறப்பிடத்தை முடிவு செய்தல் பொருந்தாது.

நம் நாளிதழ்கள் சில இரட்டையுடற் படகைக் 'கட்டமரான்' என்றே எழுதுகின்றன. கடல்கடந்து சென்ற நம் சொல் அடையாளம் தெரியாத விருந்தாக மீண்டும் நம் வாயிலில் வந்து நிற்பதை என்னென்பது!

இனிக் கட்டுமரத்தின் இயல்பை நோக்குவாம். நெய்தல்நில மக்கள் இதனை 'மரம்' என்று வாளா கூறுதலே பெரும்பான்மை. 'மரம் தள்ளுதல்', 'மரத்திற்குப் போதல்' என்பன கரையில் வழங்கும் தொடர்கள். எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து, முன்புறம் உயர்ந்து வளையுமாறு செதுக்கி, கயிற்றாற் பிணைப்பர். கோலாமீன் பிடிப்பதற்குச் செல்லும் பெரிய வகைக்குக் 'கோலாமரம்' என்று பெயர். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துதல் வழக்கம். ஊறிய மரம் கனக்கும். கனத்த மரம் தாழும். ஆகலின் இக்கலத்திற்கு உலர்த்துதல் என்பது பழுது பார்த்தலோடு ஒத்த இன்றியமையாத தொழிலாகும்.

பழந்தமிழில் 'கட்டுமரம்' என்னும் தொகை வழங்கவில்லையேனும், கட்டப்பட்ட மிதவையைக் குறிக்கும் 'புணை' என்னும் சொல் தொன்மையானது. பிணை, புணர் என்பவற்றோடு உறவுடைய இச்சொல் மிதவையையும் குறிக்கும். ஈடாக நிற்றலையும் குறிக்கும். சினம் சுற்றமாகிய புணையைச் சுட்டெரிக்கும் என்னும் கருத்தமைந்த குறளில் (306) அது மரத்தால் ஆயது என்பது 'சுடுதல்' என்ற வினையாற் குறிப்பாக விளங்குகின்றது. சங்கச் செய்யுட்களில் பரதவர் ஊர்ந்த 'திமில்' வளைந்தது என்னும் அடையோடு பயில்கின்றது. ஏற்றின் முதுகில் எழும் கொண்டைக்கும் திமில் என்றே பெயர். முன்புறம் உயர்ந்து வளைந்த கட்டுமரத்தை நோக்குவார்க்கு இவ்விரு பொருளும் ஒரு வடிவத்தினின்று எழுந்தனவோ என்று தோன்றும். தோற்றம் சான்றாகாது, ஆதலின் திமிலே கட்டுமரம் என்று துணியாமல் இவ்வளவில் நிற்றல் தக்கது. 'தோணி' என்னும் சொல்லைத் 'தோண்டு' என்பதன் வழியதாகக் கொள்வாரும், வடமொழித் 'துரோணி'யினின்று வந்ததாகக் கொள்வாரும் உளர். யாதாயினும், அது குடைந்து செய்த கலத்திற்கு ஏற்ற பெயர்.

இங்கு ஒன்று புலனாகின்றது. இக்காலக் கலநூலார் கலங்களை ஒற்றையுடல், பல்லுடல் என உடல்களின் எண்ணிக்கை பற்றிப் பகுக்கின்றனர். நம் சொற்களோ செய்முறை பற்றிப் பகுக்கின்றன. கட்டியது, பிணைத்தது, குடைந்தது, தைத்தது என்பனவே நம் பகுப்பு. எனவே 'கட்டுமரம் ஒற்றையுடலா, பல்லுடலா?' என்று வினவுவது ஒரு பகுப்பின் அளவுகோலால் மற்றொரு பகுப்பை அளத்தலேயாம்.

அங்ஙனமாயின் நம் கடலில் இரட்டையுடற் கலம் இருந்ததேயில்லையோ எனின், இருந்தது. அதன் பெயர் கட்டுமரம் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரியக் கடற் பெரிபுளூசு' என்னும் நூல், கமரா, பொதுகே, சோபட்மா என்னும் கீழைக்கரைத் துறைமுகங்களைக் கூறுமிடத்து அங்கு வழங்கிய மூவகைக் கலங்களைச் சுட்டுகின்றது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்பதும், பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்பதும் பலர் ஒப்பியவை. அம்மூவகையுள் முதலாவது கரையோரமாகச் செல்லும் உள்நாட்டுக் கலம். மூன்றாவது கங்கைக்கும் பொன்னாட்டிற்கும் செல்லும் பெருங்கலம். இடையிற் கூறப்படுவது 'சங்கரா'. தனிமரத்திற் குடைந்த மிகப் பெரிய தோணிகளை ஒன்றோடொன்று இணைத்துச் செய்தது அது என்பது அந்நூலின் விளக்கம். தோணி ஒவ்வொன்றும் தனித்து மிதக்கும் உடலாதலின், இதுவே ஐயமற்ற பல்லுடற் கலம்.

'சங்கரா' என்பது எச்சொல்லின் திரிபு? பெரிபுளூசை ஆங்கிலத்தில் பெயர்த்து 1912இல் விரிவான குறிப்புகளோடு வெளியிட்ட சாபு என்பார், மலையாளத்துச் 'சங்ஙாடம்', துளுவின் 'சங்கால', வடமொழிச் 'சங்காடம்' ஆகியவற்றைக் கால்டுவெல் வழி எடுத்துக்காட்டுகின்றார். தமிழிலும் 'சங்கடம்', 'சங்காடம்' என்பன இரட்டைத் தோணியைக் குறிக்கும். 'துன்பம்' என்னும் பொருளுடைய சங்கடம் வேறு, இது வேறு. கேரளத்தில் வண்டிகளையும் மக்களையும் ஏற்றிக் காயலைக் கடக்கும் மிதவைத் தளத்தை 'சங்கார்' என்று இன்றும் அழைக்கின்றனர். இரண்டு வள்ளங்களை இணைத்து மேலே பலகை பரப்புவது அதன் பழைய அமைப்பு. பெரிபுளூசின் சொல்லோடு இதனையும் ஓரினப்படுத்தல் தகும். சொல் ஈராயிரம் ஆண்டுகளாக அழியாதிருப்பதும், அது குறிக்கும் பொருளும் உடனிருப்பதும் அரியன. நம் பெருமையை நாட்டவேண்டின், நாட்டத்தக்க இடம் இதுவே.

இனிச் சேதுக்கரைக்கு வருவாம். இராமநாதபுரத்தினின்று மண்டபம் நோக்கிச் செல்லும் வழியில் உச்சிப்புளி உள்ளது. அங்கு நிலம் ஒடுங்கிக் கிழக்கு நோக்கி நீள்கின்றது. வடக்கே அரியமான் கரையில் பாக்கு விரிகுடா. தெற்கே புதுமடத்துக் கரையில் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இப்பகுதியார் கூறுவர். தென்மேற்குக் காற்று வீசுங்கால் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அமைந்திருக்கும். வடகீழ்க் காற்றில் நிலை மாறும். பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. சோழமண்டலக் கரையில் இடையறாது மோதும் பேரலை இங்கு இல்லை. ஆகவே நாகப்பட்டினத்திற்கு வடக்கே கட்டுமரம் ஆட்சி செலுத்த, இங்கு வள்ளமும் வத்தையுமாகிய பலகைக் கலங்களே மேலோங்கின. அலை உடையும் கரையில், நீர் புகுந்தாலும் தானே வடியும் கலம் வேண்டும். அமைந்த கடலில், சரக்கும் மீனும் நனையாதிருக்கச் சுவருடைய கலம் வேண்டும். பாக்குக் கடற்படகுகளில் குறுக்கே ஒரு நீண்ட பலகையை இருபுறமும் வெளியே நீட்டி, காற்று மிகும்பொழுது மேற்காற்றுப் பக்கத்தில் ஆட்கள் அதன்மேல் ஏறி அமர்ந்து கலத்தைச் சமன்செய்தல் உண்டு. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய சேம்சு ஆர்னெல், 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இதனை விரித்துரைத்தார்.

இவ்வமைப்பையும் இலங்கையின் 'ஒருவ' என்னும் புறமிதவைத் தோணியையும் ஒப்பிட்டுப் பசிபிக் தீவினரின் தொடர்பை ஆர்னெல் ஊகித்தார். அவர்தம் அளவைகளும் வரைபடங்களும் போற்றத்தக்கன. இன்றும் அவற்றை விட்டு இத்துறையில் அடியெடுத்து வைத்தல் இயலாது. எனினும் கருவியின் ஒப்புமை ஒன்றே கொண்டு ஓரினத்தின் வரவை முடிவு செய்தல் மிகைபடக் கூறலாகும். ஒத்த கடல் ஒத்த தேவையைத் தோற்றுவித்தலும் கூடுமன்றோ?

புறமிதவை இக்கடலில் தொன்மையானது என்பதற்குப் பிளினியின் நூலிலிருந்து ஒரு சான்று கொள்ளலாம். கி.பி. 77இல் முடிவுற்ற அவரது 'இயற்கை வரலாறு', இலங்கைக்கும் இந்தியாவிற்கும் இடைப்பட்ட கடல் ஆழம் குறைந்தது என்றும், இடையிடையே நங்கூரம் எட்டாத வாய்க்கால்கள் உள என்றும் கூறுகின்றது. அவ்வொடுங்கிய வழிகளிற் கலத்தைத் திருப்பவேண்டாதபடி இருமுனையிலும் முகப்பு அமைந்த கலங்கள் வழங்கின என்றும், அவை 3000 சாடி கொள்ளும் என்றும் அது மேலும் கூறுகின்றது. இருமுனை முகப்பு என்பது சிந்திக்கத்தக்கது. ஒருபுறம் மட்டும் மிதவையுடைய தோணி, அம்மிதவையை எப்பொழுதும் காற்று வரும் பக்கமே வைத்துச் செல்லும். ஆகவே திசை மாறவேண்டின் அது திரும்புவதில்லை. பாயை மறுமுனைக்கு மாற்றிப் பின்புறத்தையே முன்புறமாக்கிக்கொள்ளும். பிளினி கேட்டறிந்தது இவ்வகைக் கலமாதல் கூடும். இலங்கையில் 'யாத்திரா' என்னும் பெரிய புறமிதவைச் சரக்குக் கலம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஓடியமையால், பெருங்கலத்திற்குப் புறமிதவை பொருந்தாது என்னும் தடையும் நீங்குகின்றது.

ஒற்றையுடற் கலத்திற்கோ நமக்கு ஓவியச் சான்றே உண்டு. உச்சிப்புளிக்கு அணித்தே, வைகை முகத்தையடுத்த அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கப்பலின் உருவம் கீறிய பானையோடு ஒன்று கிடைத்தது. அது உரோமர்தம் பெரும் பாய்க்கல வகையைச் சார்ந்தது என்பது கலவரலாற்று அறிஞர் இலயனல் காசனின் கருத்து. வந்து சென்ற பெருங்கலத்தைக் கீறிய கை, நாள்தோறும் கரையிற் கிடந்த சிறு கலத்தைக் கீறவில்லை. ஆதலின் பல்லுடற் கலத்தின் வரலாற்றிற்குப் பெரிதும் சொற்களையே நம்பவேண்டியுள்ளது. சொல்லாய்வாளர் இத்துறையில் நுழைவதற்கு உரிமை இதுவே.

வடிவங்களை எண்ணால் ஒப்பிடுதல் இனிச் செய்யத்தக்கது. சாய்ந்த கலத்தை மீட்டு நிமிர்த்தும் ஆற்றலை அளக்கும் முறையை 1746இல் பியேர் பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்தார். கலம் நீரை வெட்டும் பரப்பின் அகலமே அதில் தலைமை பெறுகின்றது. அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தின்படி அவ்வாற்றல் கூடும். விளக்கத்தின்பொருட்டு ஓர் எளிய எடுத்துக்காட்டை அமைப்போம். 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடைய நீள்சதுரக் கலம் ஒன்று 25 சென்டிமீட்டர் நீரில் தாழ்ந்து மிதக்கின்றது. நீர்ப்பரப்பின் நிலைமத் திருப்பம் 6 × 1 ÷ 12, அஃதாவது 0.5 ஆகும். இக்கலத்தையே நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, அரை மீட்டர் அகலமுள்ள உடல்கள் இரண்டாக்கி, அவற்றின் நடுக்கோடுகள் 2 மீட்டர் விலகுமாறு நிறுத்துக. எடையும் ஆழமும் மாறவில்லை. ஆயினும் அத்திருப்பம் இப்பொழுது 6.125 ஆகின்றது. பன்னிரு மடங்கிற்கும் சிறிது மிகுதி!

இப்பேறு விலையின்றிக் கிடைப்பதன்று. முன்னைய கலத்தில் நீர் தீண்டும் சுற்று 1.5 மீட்டர், பின்னையதில் 2 மீட்டர். நீரின் உராய்வு மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது. மெல்லச் செல்லும் கலத்திற்கு உராய்வே பெருந்தடையாதலின் இரட்டையுடல் அதற்கு இழப்பு. விரைந்து செல்லும் கலத்திற்கோ அலையெழுப்புதலே பெருந்தடை. ஒடுங்கிய உடல் அலையைக் குறைவாக எழுப்புமாகலின் அங்கு ஊதியம் உண்டு. ஒடுங்கிய உடலின் அலைத்தடையைக் கணிக்கும் கோவையை 1898இல் ஆசுத்திரேலியக் கணித அறிஞர் மிச்செல் வெளியிட்டார். கையாற் கணிக்க மிக அரிதாயிருந்த அது, கணிப்பொறி வந்தபின் நொடியில் முடிவதாயிற்று. இரண்டு உடல்கள் எழுப்பும் அலைகள் ஒன்றையொன்று தாக்குவதையும் அதன்வழி ஆராயலாம். சவுதாம்டன் பல்கலைக்கழகத்தார் உடல்களின் இடைவெளியைக் கல நீளத்தின் ஐந்திலொரு பங்கு முதல் பாதிவரை மாற்றிச் சோதித்து 1992இல் வெளியிட்ட முடிவுகள் இத்தகைய கணிப்புகளுக்கு உரைகல்லாய் விளங்குகின்றன.

இனி, நம் கட்டுமரம் இவ்விரண்டனுள் எப்பக்கம் நிற்கின்றது? ஐந்து மரங்கள் இடையின்றி நெருங்கக் கட்டப்பட்டால், நீர்ப்பரப்பின் கணக்கில் அவை ஐந்தல்ல, அகன்ற ஒன்றே. மேற்காட்டிய எடுத்துக்காட்டில் அதன் இடம் 0.5இன் பக்கமேயன்றி 6.125இன் பக்கமன்று. செய்முறையாற் பன்மையாயினும் இயக்கத்தால் அது ஒருமை. உலகம் கட்டுமரத்தின் பெயரை இட்டழைக்கும் கலத்தின் இயல்புகள் கட்டுமரத்திற்கு இல்லை, சங்காடத்திற்கே உள்ளன. சொல்லாராய்ச்சி காட்டிய முடிபையே எண்ணும் காட்டுகின்றது.

எனினும் கட்டுமரத்தை ஒற்றையுடல் என்று எழுதி முடித்துவிடவும் கூடவில்லை. கலம் வரையும் கணிப்பொறிச் செயல்முறைகள் கலத்தின் தோலையே முதலில் வினவும். குறுக்குவெட்டுகளால் தோலை வரைந்து, அதனுள் அடங்கும் கொள்ளளவைக் கண்டு, ஒவ்வொரு சாய்விலும் மீட்சியைக் கணிப்பது அவற்றின் நெறி. கட்டுமரத்திற்குத் தோலும் இல்லை, உள்ளும் இல்லை. அதனை மிதக்கவைப்பது மரத்தின் எடைக்குறைவே. மரங்களுக்கிடையே நீர் ஏறி இறங்கும். ஒருபுறம் அமிழ்ந்தவுடன் நீர்ப்பரப்பு மாறிவிடும். காலையில் இருந்த எடை மாலையில் இராது. இரட்டையுடற் கலம் ஓரெல்லைக்குமேல் சாய்ந்து கவிழ்ந்தால் மீளாது. கட்டுமரமோ கவிழ்ந்தாலும் மரமே, புரட்டி ஏறிக்கொள்ளலாம். ஆகவே இதனைக் கணிப்பொறிக்கு உணர்த்த வேண்டின் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனித் திண்பொருளாகக் கொண்டு, உலர்ந்த எடை, ஊறிய எடை, பல இடங்களில் சுற்றளவு, முன்வளைவு ஆகியவற்றை அளந்து கொடுத்தல் வேண்டும்.

பழைய அளவைகள் சில உள்ளன. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கலத்தச்சராயிருந்த சான் எடை என்பார் சோழமண்டலம், மலையாளம், இலங்கை ஆகிய கரைகளின் கலங்களை அளந்து 1834இல் கட்டுரை வெளியிட்டார். பிரெஞ்சுக் கடற்படையைச் சார்ந்த எட்மோன் பாரி 1840களில் வெளியிட்ட பெருநூலில் இக்கரைக் கலங்களின் வரைபடங்கள் இடம்பெற்றுள்ளன. இவ்விருவர் தம் அளவைகளையும் ஆர்னெலின் அளவைகளையும் எண்ணாக்கி ஒப்பிடுதல் கலப்பொறியியல் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் கூடிச் செய்தற்குரிய பணி.

வரைபடம் தராதது ஒன்றுண்டு; அது சொல். எந்த மரம் எந்தப் பெயருடையது, நடுமரத்திற்கும் ஓரமரத்திற்கும் பெயர் வேறுபாடு யாது, கட்டின் வகை எத்தனை, எக்கட்டு எக்கடலுக்கு உரியது என்பனவெல்லாம் கட்டத் தெரிந்தவரின் வாயில் மட்டும் உள்ளன. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்தார் 1980களில் கரையேறும் புதுப்படகுகளை ஆராய்ந்தனர். அதன்பின்னர்க் கண்ணாடியிழைப் படகு பெருகிற்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் மீட்புதவியாக வழங்கப்பெற்றவையும் பெரும்பாலும் அவையே. மரம் கட்டுவோர் அருகினர். சேதுக்கரையில் இன்று நுரைநெகிழித் துண்டுகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி மீன்பிடிப்போரைக் காணலாம். பொருள் புதிது, பிணைக்கும் வழக்கம் பழையது. அவர்தம் கட்டுகளுக்கு என்ன பெயர் கூறுகின்றனர் என்று கேட்டெழுதுவதும் இவ்வாராய்ச்சியின் பகுதியாகும்.

கலைச்சொல் வகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். 2017 முதல் வைக்கத்தில் ஓடும் 'ஆதித்யா' என்னும் கதிரொளிப் படகும், 2023இல் தொடங்கிய கொச்சி நீர்வழிப் படகுகளும் இரட்டையுடலின. இத்தகையவற்றைத் தமிழில் 'கட்டுமரம்' என்றெழுதினால், அவற்றின் வடிவமும் விளங்காது, உண்மைக் கட்டுமரத்தின் வடிவமும் மறையும். ஆகவே கயிற்றாற் கட்டிய மரங்களுக்குக் 'கட்டுமரம்' என்பதையும், இடைவெளியோடு இணைத்த ஈருடற் கலத்திற்குச் 'சங்காடம்' என்பதையும், ஒருபுறம் மிதவை பூட்டியதற்குப் 'புறமிதவைத் தோணி' என்பதையும் வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. 'சங்காடம்' வழக்கிற்கு வர நாளாகும் எனின், அதுவரை 'இரட்டையுடற் கலம்' என்பது போதும்.